வாடகையே தவணை கட்டுமா?

"வாங்கிப் போடுங்க சார், வாடகையே டியூவைக் கட்டிடும்!"

சென்னையைச் சுற்றி அடுக்குமாடி வீடு விற்கும் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். பெருங்களத்தூர், மேடவாக்கம், போரூர், சிறுசேரி என்று ஊர்தான் மாறும். குடியிருக்கச் சொந்தமாக ஒரு வீடு ஏற்கெனவே இருக்கிறது, சம்பளம் ஓரளவு உயர்ந்துவிட்டது, கடன் தருகிறோம் என்று வங்கியிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. இப்படி இருக்கும் நாற்பது வயதுக்காரர்களை இந்த ஒரு வரி அசைத்துவிடுகிறது. ஓய்வுக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாடகையில் வாழலாம் என்ற ஆசையில் தவறே இல்லை. நம் பெற்றோர் தலைமுறையில் பலர் அப்படித்தான் கௌரவமாக வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் வாடகைக்கு விட்ட வீடும், இன்று நாம் கடனில் வாங்கி விடும் வீடும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் கணக்கில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில், ஆயிரம் சதுர அடியில், பத்து வருடம் ஆன மறுவிற்பனை அடுக்குமாடி வீடு. விலை 80 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 7,20,000 ரூபாய் பதிவு அலுவலகத்திலேயே போய்விடும். இந்தத் தொகையை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்க முடியாது. ரிசர்வ் வங்கியின் விதி இடம் கொடுப்பதில்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு. நாம் 60 லட்சம் கடன் வாங்குகிறோம். கையிலிருந்து 20 லட்சம், பதிவுக்கு 7.20 லட்சம், புரோக்கர், வக்கீல், அலமாரி, பெயின்ட் எல்லாம் சேர்த்தால் 29 லட்சத்தை நெருங்கும்.

60 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 52,069 ரூபாய்.

இந்த வீட்டுக்கு 22,000 ரூபாய் வாடகை வந்தால் மகிழ்ச்சியடையலாம். வருடத்துக்கு 2,64,000. சொத்து வரி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, குழாய், ஒயரிங், வெள்ளையடிப்பு ஆகியவற்றைக் கழித்தால் 2,32,000 மிஞ்சும். மாதத்துக்கு 19,000 சொச்சம். தவணையில் இது 37 சதவீதம். மீதி 33,000 ரூபாய் மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

வாடகை தவணையைக் கட்டவில்லை. நீங்கள்தான் கட்டுகிறீர்கள்; வாடகைக்காரர் கொஞ்சம் கை கொடுக்கிறார்.

அதற்காக இது நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு விலை ஏறுமே என்பீர்கள். எவ்வளவு ஏற வேண்டும்? முதல் வருடம் கட்டும் 6.25 லட்சத்தில் அசலுக்குப் போவது ஏறத்தாழ 1.20 லட்சம்தான், மற்ற 5.05 லட்சமும் வட்டி. நிகர வாடகை அந்த வட்டியில் பாதியைக்கூடத் தொடவில்லை. பற்றாக்குறை 2.73 லட்சம். கையிலிருந்து போட்ட பணத்தை வைப்பு நிதியில் போட்டிருந்தால் 7 சதவீதத்தில் வந்திருக்கக்கூடிய சுமார் 2 லட்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு விலை ஒரே வருடத்தில் 6 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் சமநிலைக்கு வருகிறீர்கள். லாபம் அதற்கு மேல்தான். பதிவுச் செலவு தனி.

இங்கே பலரும் மறப்பது பிரிபடாத பாகம். ஆயிரம் சதுர அடி வீடு வாங்குகிறோம், ஆனால் மனை எத்தனை சதுர அடி நம் பங்குக்கு வருகிறது? மூன்று மாடி பழைய கட்டடத்தில் 450 சதுர அடி வரலாம். பதினைந்து மாடிக் கோபுரத்தில் அதில் பாதிகூட வராமல் போகலாம். விலை ஏறுவது மண்ணுக்கு. கட்டடம் ஒவ்வொரு வருடமும் தேய்கிறது. நீச்சல் குளமும் ஜிம்மும் பார்த்து மயங்குகிறவர்கள் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் இந்த ஒரு எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

வட்டி ஏறிய நாட்கள்

மேலே சொன்ன கணக்கு வட்டி அசையாமல் நின்றால்தான். அது நிற்பதில்லை என்பதைக் கடன் வாங்கிய எல்லோரும் அண்மையில்தான் பார்த்தோம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலுடன் கட்டப்பட்டன. 2020 மே மாதத்தில் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டுக் கடன் 7 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. அந்த மலிவை நம்பி இரண்டாவது வீடு வாங்கியவர்கள் ஏராளம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதமாகிவிட்டது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம்.

6.75 சதவீதத்தில் 60 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 45,622 ரூபாய். வட்டி 9.25 ஆனதும் 60 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 46,250 ரூபாய். கட்டும் தவணையைவிட வட்டி அதிகம். அசல் குறையாது என்பது மட்டுமல்ல, வளரத் தொடங்கும். தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போன பல கடன்கள், கடன்காரர் ஓய்வு பெறும் வயதையும் தாண்டிச் சென்றன. இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது: வட்டி மாறும்போது கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்று அவரே தேர்ந்தெடுக்க இடம் தர வேண்டும், தவணை வட்டியைக்கூட அடைக்காத நிலை வரக் கூடாது.

2025 பிப்ரவரி முதல் ரெப்போ மீண்டும் இறங்கத் தொடங்கியது. இறங்கும் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வட்டி குறைந்தாலும் தவணையைக் குறைக்காதீர்கள். பழைய தொகையையே கட்டுங்கள். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது 50,000 ரூபாயை அசலில் போட்டாலும், ஆரம்ப வருடங்களில் அது பல மாதத் தவணைகளைச் சாப்பிட்டுவிடும்.

2020-ஐயும் மறக்கக் கூடாது. ஐ.டி. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை என்று சொந்த ஊர்களுக்குப் போனார்கள். பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் வீடுகள் காலியாயின. வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதி இருந்தாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு முந்தைய வருடம், 2019 கோடையில், அதே சாலையில் குடிநீர் இல்லாமல் லாரிக்குக் காத்திருந்த குடியிருப்புகள் எத்தனை! தண்ணீருக்கு லாரியை நம்பும் வளாகத்தில் மெயின்டனன்ஸ் தொகை ஏறும். அது ஏற ஏற வாடகைக்காரர் கொடுக்கும் மொத்தத்தில் உங்கள் பங்கு சுருங்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்பதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்காமல் தரைத்தள வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது. ஆறு மாத வாடகை வராவிட்டாலும் தவணை கட்டும் அளவுக்குத் தனியாகப் பணம் இல்லாதவர், வாடகைக்கு விடுவதற்கென்று கடனில் வீடு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வருமான வரியில் மிச்சம் பிடிக்கலாம் என்ற வாதமும் இப்போது பாதி செத்துவிட்டது. வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று நிலையாகக் கழிக்கலாம். அதற்கு நீங்கள் எந்த ரசீதும் காட்ட வேண்டியதில்லை. பிறகு வட்டியைக் கழிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் சுமார் 3.25 லட்சம் நஷ்டம் வரும். பழைய வரி முறையில் இருந்தால் அதில் 2 லட்சம் வரை மட்டும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை எட்டு வருடம் வரை வீட்டு வாடகை வருமானத்தில் மட்டும் ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் அந்த 2 லட்சமும் சம்பளத்தில் கழியாது. இப்போது பெரும்பாலான சம்பளக்காரர்கள் இருப்பது புதிய முறையில்தான். விற்பவர் காட்டும் கணக்குத் தாளில் "வரிச் சலுகை" என்று ஒரு வரி இருந்தால், எந்த முறைக்கு என்று கேளுங்கள்.

மாடி கட்டியவர்கள் ஜெயித்தது எப்படி?

நம் அப்பா அம்மா காலத்தில் வாடகை ஏன் வாழ்வளித்தது? அவர்கள் வாடகைக்காக மனை வாங்கவில்லை. குடியிருக்க வாங்கிய ஒரு கிரவுண்டில் முதலில் கீழ்த்தளம் கட்டினார்கள். பி.எஃப். பணம் வந்ததும் மேலே இரண்டு அறை. மகள் கல்யாணம் முடிந்ததும் பின்னால் ஒரு போர்ஷன். மண்ணின் விலையை வாடகை சுமக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வழி இன்றும் அடைபடவில்லை. அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ கொளத்தூரிலோ சொந்த மனையில் கீழ்த்தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே 800 சதுர அடி கட்ட, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம். 5 லட்சம் கைப்பணம், 15 லட்சம் கடன். எட்டரை சதவீதத்தில் 15 வருடத்துக்குத் தவணை 14,771 ரூபாய். இரண்டு படுக்கையறை கொண்ட அந்த வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை வந்தால்? போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம். அடுக்குமாடி வீட்டில் நமக்குக் கிடைத்தது 3.3 சதவீதம். வாடகையே தவணையைக் கட்டும் என்ற வாக்கியம் ஏறத்தாழ உண்மையாகும் இடம் இதுதான். பதினைந்து வருடம் கழித்து அந்த 15,000 உயர்ந்திருக்கும், தவணை இருக்காது.

கீழே நீங்களே குடியிருப்பதால் நிர்வாகமும் எளிது. மோட்டார் ஓடவில்லை என்றால் மாடியிலிருந்து ஒரு குரல் போதும். மழை ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருந்துகொண்டு சென்னை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பிளம்பர் தேடுகிறவருக்கு இந்த நிம்மதி எவ்வளவு பெரிது என்று தெரியும். அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வீட்டு உரிமையாளர் வரிச் சட்டப்படி வெளிநாட்டு வாசி என்றால், மாத வாடகை 10,000 ஆனாலும் குடியிருப்பவர் 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். உள்நாட்டு உரிமையாளருக்கு மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை போனால் மட்டுமே 2 சதவீதம் பிடித்தம். இது தெரியாமல் முழு வாடகையையும் அனுப்பிவிட்டு, பிறகு நோட்டீஸ் வாங்குவது குடியிருப்பவர்தான். நம் வீட்டில் இருப்பவரை அப்படி மாட்டிவிடுவது நியாயமில்லை. ஒப்பந்தம் போடும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

மாடி கட்டும் வழியிலும் கவனம் தேவை. அஸ்திவாரம் மேல்தளத்தைத் தாங்குமா என்று மேஸ்திரியிடம் கேட்டால் போதாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் தூணையும் பீமையும் பார்த்து எழுதித் தர வேண்டும். அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், விற்கும்போதும் மல்லுக்கட்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் ஒரு மாடியுமோ கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அனுமதி வாங்க அலைய வேண்டுமே என்ற பழைய சாக்குக்கு இனி இடமில்லை.

ஊருக்கு ஊர் இந்த முதலீட்டின் வடிவம் வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கட்டப்படும் லைன் வீடுகள், மதுரையில் காம்பவுண்டு வீடுகள், சென்னையில் போர்ஷன்கள். சதுர அடிக்கு வாடகை என்று கணக்கிட்டால் இந்தச் சிறிய வீடுகள்தான் பெரிய அடுக்குமாடி வீட்டைவிட அதிகம் தருகின்றன. அதனாலேயே ஒரு கழிப்பறைக்கு ஐந்து குடும்பம் என்று அடைக்கும் பேராசையும் இங்கேதான் அதிகம். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையை வாடகைக்கு விட்டு வாங்கும் பணத்தை நான் முதலீட்டு வருமானம் என்று மதிக்கத் தயாராக இல்லை.

லீஸ் என்னும் கடன்

தவணை நெருக்கும்போது பலர் நாடும் குறுக்கு வழி, வீட்டை லீஸுக்கு விடுவது. மற்ற ஊர்களில் போக்கியம், ஒத்தி என்பார்கள். ஒரே தொகையாக 10 லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடியிருக்க விடுவார்கள். இரண்டு, மூன்று வருடம் கழித்து அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பார்கள். வட்டியில்லாப் பணம் என்று தோன்றும். மாதம் 12,000 வாடகை வரக்கூடிய வீடு என்றால், 10 லட்சத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது வருடம் 1,44,000. அதாவது 14.4 சதவீத வட்டி. வங்கிக் கடனைவிட எவ்வளவோ அதிகம்.

அதைவிடக் கொடுமை, வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டையே, வங்கிக்குச் சொல்லாமல் இப்படி விடுவது. கடன் ஒப்பந்தங்கள் பொதுவாக வங்கியின் எழுத்துபூர்வ சம்மதத்தைக் கேட்கின்றன. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். வெறும் பத்திரத் தாளில் எழுதிக்கொண்டு, மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தை லீஸுக்குக் கொடுத்த குடும்பம் அப்போது நடுத்தெருவில் நிற்கும். லீஸுக்கு வீடு எடுப்பவர்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும்; ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாத உரிமையாளரிடம் பணம் கொடுக்கக் கூடாது. உரிமையாளர்களுக்குச் சொல்வது: அந்தப் பத்து லட்சத்தை எதிலிருந்து திருப்பித் தருவீர்கள் என்பதற்கு இன்றே பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்குப் பயப்படுவது யார்?

"எழுதிக் கொடுத்துட்டா அவங்க காலி பண்ணவே மாட்டாங்க" என்ற பயம் நம் வீட்டு உரிமையாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காரணம் உண்டு. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குகள் வருடக்கணக்கில் நீண்டன. பெரியவர்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள். அதன் விளைவாக ஓராண்டுக்கும் குறைவான பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கமானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பது பதிவுச் சட்டத்தின் விதி என்பதால் வந்த பழக்கம்.

2019 பிப்ரவரி 22 முதல் நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் அன்று நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கியது. பதினோரு மாதமோ மூன்று வருடமோ, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்த அதிகாரியாக இருக்கிறார். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். வாடகையை எவ்வளவு, எப்போது உயர்த்துவது என்பது ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். வாடகை பாக்கி, வேறு ஒருவருக்கு உள்வாடகைக்கு விடுவது, சொன்ன காரியத்துக்கு அல்லாமல் வீட்டைப் பயன்படுத்துவது என்று காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்ல வாடகை நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்தம் போடாமல் இருப்பது உரிமையாளரைக் காப்பதில்லை. சண்டை வரும் நாளில் அவரைத்தான் வெறுங்கையோடு நிறுத்துகிறது.

இதே சட்டம் உரிமையாளர் மீதும் கடமைகளை வைக்கிறது. சண்டை வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. சட்டத்தின் இரண்டாவது அட்டவணை யார் எதைப் பழுது பார்ப்பது என்றே பட்டியலிடுகிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றுதல், ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அப்படியானால், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்று சென்னை முழுக்கப் பிடித்துக்கொள்கிறோமே, அது எந்தக் கணக்கில்? மூன்று வருடம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்தச் செலவை வாடகையிலிருந்து ஒதுக்கி வைப்பது தொழில் செய்பவரின் கடமை.

மின்சாரத்தில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரியது. 2016 மே முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நான்கு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு வைத்து, சப் மீட்டரில் யூனிட்டுக்கு ஒரே விலை என்று வசூலிக்கும் வீடுகளில், அந்த இலவசம் குடியிருப்பவர்களைச் சேர்வதில்லை. ஒரே இணைப்பில் எல்லோரும் செலவழிப்பதால் கட்டணம் மேல்படிக்கு ஏறி, அந்தச் சுமையும் அவர்கள் தலையில் விழுகிறது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். ஒரு முறை செலவு. அதன் பிறகு மாதா மாதம் மீட்டர் பார்த்து வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

யாருக்கு விடுவது?

வாடகை வீட்டின் வருமானத்தை நிர்ணயிப்பது யார் குடியிருக்கிறார், எத்தனை வருடம் இருக்கிறார் என்பதுதான். ஒரு வருடத்தில் இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த வருட வாடகையில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. கூடவே புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு, காலியான மாதங்களின் மெயின்டனன்ஸ். நேரத்துக்கு வாடகை தரும் குடும்பத்திடம் 2,000 ரூபாய் ஏற்றிக் கேட்டு, அவர்கள் போய்விட்டால் இரண்டு மாதத்தில் 44,000 இழக்கிறோம். அந்த 2,000-ஐ வைத்து அதை மீட்க 22 மாதம் ஆகும்.

இந்தக் கணக்குத் தெரிந்தும் "வெஜிடேரியன் மட்டும்" என்றும், பெயரைக் கேட்டதுமே "வீடு போயிடுச்சு" என்றும் சொல்கிறோம். முஸ்லிம் குடும்பத்துக்கு இல்லை, தலித்துக்கு இல்லை, தனியாக வாழும் பெண்ணுக்கு இல்லை, சினிமாக்காரருக்கு இல்லை, வக்கீலுக்கும் இல்லை. சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்க, சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்கும் சாமர்த்தியம் நம்மிடம் நிறைய இருக்கிறது. இது அநீதி. வேலைக்காக இந்த நகரத்துக்கு வந்த மனிதர்களை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தெருத்தெருவாக அலையவிட்டு, வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பும் அவமானம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எங்கே வேலை, வருமானத்துக்கு என்ன ஆதாரம், எத்தனை பேர் குடியிருப்பார்கள், எத்தனை காலம், முந்தைய வீட்டு உரிமையாளரின் எண் என்ன. அடையாளச் சான்றை வாங்கிக் காவல் நிலையத்தில் விவரம் கொடுத்துவிட்டால் பாதுகாப்புக்கும் குறையில்லை.

குடிவரும் நாளில் சுவர், தரை, குழாய், மின்விசிறி, கீசர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். மெயின்டனன்ஸ் யார், சங்கத்தின் பெரிய பழுதுச் செலவு யார், தண்ணீர் லாரிப் பணம் யார் என்பதை ஒப்பந்தத்தில் பெயர் குறித்து எழுதுங்கள். ஒழுகுகிறது என்று போன் வந்தால் இரண்டு நாளில் ஆள் அனுப்புங்கள். சுவருக்குள் இறங்கும் ஈரம் ஒரு பருவமழையில் 3,000 ரூபாய் வேலை, அடுத்த மழையில் 30,000 ஆகிவிடும். வருட வாடகையில் ஒரு மாதத் தொகையைப் பழுதுக்கென்று தனியாக வைப்பவருக்கு இந்த போன் அழைப்புகள் எரிச்சலூட்டுவதில்லை.

கடைசியாக அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை என்று கேட்கும் வழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. புதிய சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. எத்தனை மாதம் வாங்கினாலும் அது நாம் திருப்பித் தர வேண்டிய பணம். ஆனால் அதை வீட்டுக்கான முன்பணத்திலோ, தவணைப் பாக்கியிலோ போட்டுவிட்டு, காலி செய்பவரிடம் "அடுத்த ஆள் வந்து கொடுத்ததும் தர்றேன்" என்று சொல்கிறோம். அவருக்கோ இந்தப் பணம் வந்தால்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். சாமான் லாரியில் ஏறிய பிறகும் காசோலைக்காகப் படியில் காத்திருக்கும் குடும்பங்களை இந்த நகரம் தினமும் பார்க்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்களிடம் இருக்கும் அட்வான்ஸ் தொகையை இந்த வாரமே ஒரு தனி வைப்பு நிதியில் போடுங்கள். அதன் வட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சாவியை வாங்கும் நாளிலேயே அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.